நமக்கென்று ஒரு ஒழுங்கை எழுதிக்கொள்வது: ஐந்து வழிகள், யாருக்கு எது?

விசுவாசத்தில் வளர்ந்த ஒருவருக்கு, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று வாழ்க்கை நிலைகொள்ளும் சமயத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும். ஞாயிறு ஆராதனை இருக்கிறது, காலையில் வேதவாசிப்பு இருக்கிறது, ஜெபம் இருக்கிறது. ஆனால் சொத்துப் பங்கு பிரிக்கும்போதோ, பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதோ, ஆபீஸில் ஒரு பில்லில் கையெழுத்துப் போடும்போதோ, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு நடக்கிறது. அப்போதுதான் "இந்த நாலைந்து விஷயத்தில் நான் இப்படித்தான் நிற்பேன்" என்று எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும்.

அது நல்ல ஆசை. வேதத்துக்கும் புதிதல்ல. 101ஆம் சங்கீதம் முழுவதுமே அப்படிப்பட்ட தீர்மானம்தான். "என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்" என்று தாவீது வீட்டிலிருந்து தொடங்கி, யாரை அருகில் வைப்பேன், யாரை வைக்கமாட்டேன் என்பது வரை சொல்லிவிடுகிறார். தானியேலும் பாபிலோனில் ராஜாவின் போஜனம் விஷயத்தில் முன்கூட்டியே தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டார்.

எழுதுவது என்று முடிவான பிறகு, எந்த வடிவத்தில் எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். திருச்சபை வரலாற்றில் இதற்குப் பல வழிகள் உண்டு. நான் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் சாய்வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நம் கண்ணுக்குப் படாத குறையை இன்னொருவர் எடுத்துச் சொல்ல இடம் கொடுக்கிற முறைதான் நல்ல முறை. ஐந்தையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஒரே ஒரு வசனம்

நம்மில் பெரும்பாலோர் ஏற்கெனவே பின்பற்றுவது இதைத்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அது பைபிளுக்குள்ளோ சுவரிலோ போய், வருஷம் முழுக்க நம்மோடு இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற சபையாரிடம் இதற்கு நெருங்கிய பழக்கம் ஒன்று உண்டு. 1728இல் நாளுக்கு ஒரு வசனம் என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினார்கள். 1731இலிருந்து அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றைக்கும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

வசனம் மனதில் நிற்கும், ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கூட வரும். அது சாதாரண பலம் இல்லை. ஆனால் வாக்குத்தத்தம் கர்த்தர் என்ன செய்வார் என்பதைச் சொல்கிறது. நான் என்ன செய்வேன் என்பதை நானே அதிலிருந்து எடுக்க வேண்டும். எரேமியா 29:11ஐப் பாருங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி நம் வீடுகளில் எத்தனை சுவரில் தொங்குகிறது! அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. எழுபது வருஷம் அங்கேதான் இருக்கப்போகிறீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று முந்தின வசனங்கள் சொல்கின்றன. 11ஆம் வசனத்தோடு 7ஆம் வசனத்தையும் எழுதினால், அந்த அட்டை ஒரு ஒழுங்காக மாறிவிடும்: நான் குடியிருக்கிற தெருவின் குப்பை, தண்ணீர், அடுத்த வீட்டுக்காரரோடு இருக்கிற பார்க்கிங் தகராறு எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும், நோயாளியைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பவர்களுக்கும் ஒரு வசனம் போதும். எதை எடுப்பது என்று கேட்டால் மீகா 6:8 என்பேன். நியாயம் செய்வது, இரக்கத்தைச் சிநேகிப்பது, மனத்தாழ்மையாய் நடப்பது. மூன்றுமே நாம் செய்ய வேண்டியவை.

எழுபது தீர்மானங்கள்

ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1703இல் பிறந்த அமெரிக்கப் போதகர். நியூயார்க்கில் ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்த 1722இல், பத்தொன்பது வயதில், தனக்கான தீர்மானங்களை எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அவை எழுபது ஆகிவிட்டன. நேரத்தில் ஒரு கணத்தையும் வீணாக்கமாட்டேன், பழிவாங்கும் எண்ணத்தில் எதையும் செய்யமாட்டேன், என் வாழ்வின் கடைசி மணிநேரமாக இருந்தால் எதைச் செய்யப் பயப்படுவேனோ அதை இப்போதும் செய்யமாட்டேன் என்று போகும் அந்தப் பட்டியல். தேவ உதவியில்லாமல் இதில் ஒன்றும் தன்னால் ஆகாது என்ற முன்னுரையும், வாரம் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் தலைப்பிலேயே உண்டு.

இளவயதில் உள்ளவர்களுக்கு இது பிடிக்கும். கூர்மையானது, சாக்குக்கு இடம் தராதது. ஆனால் இரண்டு காரணங்களால் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

முதலாவது காரணம் எட்வர்ட்ஸே சொன்னது. அந்தக் காலத்தைப் பின்னாளில் திரும்பிப் பார்த்தபோது, தன் சொந்த பலத்தை அளவுக்கு மீறி நம்பியிருந்ததாகவும், அது பிறகு தனக்குச் சேதமாக முடிந்ததாகவும் எழுதினார். முன்னுரையில் அத்தனை தெளிவாக எழுதியவருக்கே அப்படி.

இரண்டாவது காரணம் கனமானது. 1731இல் அவர் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், வீனஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். எழுபது தீர்மானங்களும் கையில் இருந்தன. எதுவும் அவரைத் தடுக்கவில்லை. அவர் மனச்சாட்சியில்லாதவர் அல்ல, தன் எண்ணங்களை நாள்தோறும் நாட்குறிப்பில் அலசியவர். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவரும் வாசித்தவரும் சோதித்தவரும் ஒரே ஆள். அவர் ஊரில் மதிப்பானவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதனால் அது தீர்மானம் எழுத வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

நம் பக்கத்தில் இதற்குச் சமமான ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரவில் திரும்பிப் பார்ப்பது

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் காட்டிய வழி வேறு மாதிரி. அவருடைய ஆன்மப் பயிற்சிகள் என்ற நூல் 1548இல் அச்சானது. அதில் வருகிற ஆத்தும சோதனையைக் கத்தோலிக்க வாசகர்கள் அறிவார்கள். முதலில் அன்றைக்குக் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி, பிறகு பாவத்தைப் பார்க்க அருள் கேட்பது, பிறகு காலையிலிருந்து மணிக்கணக்காக நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் திருந்தத் தீர்மானிப்பது. நன்றியில் தொடங்குவதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதற்குள்ளேயே இன்னொரு பயிற்சி உண்டு. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, வீட்டில் குரலை உயர்த்துவது. காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு முறை தவறும்போதும் கையை நெஞ்சில் வைக்க வேண்டும். நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம் என்று இஞ்ஞாசியாரே குறிப்பிடுகிறார். மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோட்டில் தவறின எண்ணிக்கைக்கு ஏற்ப புள்ளி வைப்பது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த கோட்டில் புள்ளி வைப்பது. நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். பால் கணக்கு எழுதுகிற காலண்டரே இதற்குப் போதும்.

எழுதிவைத்த கொள்கை மறந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, மன்னிப்புக் கிடைத்ததா என்ற சந்தேகத்தில் கடுமையாக வாடியிருக்கிறார். சின்ன விஷயத்துக்கும் குற்ற உணர்வில் தூங்காமல் புரளுகிறவர் நீங்கள் என்றால், புள்ளி வைக்கிற பயிற்சி வேண்டாம். நன்றியும் மன்னிப்பும் மட்டும் உள்ள இரவு ஜெபம் உங்களுக்குப் போதும். ஒரு நல்ல ஆயரிடம் மனம்விட்டுப் பேசுவது அதைவிட முக்கியம்.

நாளையே ஒழுங்குபடுத்துவது

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிய ஒழுங்கு நூலுக்கு 73 அதிகாரங்கள். துறவிகளுக்கு எழுதியது. கொள்கைகளைத் தனியாக எழுதாமல் ஜெபம், உழைப்பு, வாசிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் வகுத்து, அந்த நேரத்துக்குள் கொள்கையை வைத்துவிடுகிறார். விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்கிற 53ஆம் அதிகாரமும், மடத்துச் சட்டி பானைகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போலக் கருத வேண்டும் என்கிற 31ஆம் அதிகாரமும் குடும்பஸ்தர்களும் வாசிக்க வேண்டியவை.

ஆனால் முழு ஒழுங்கும் நடப்பதற்கு மடம் வேண்டும், மணி அடிக்க ஆள் வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். நைட் ஷிப்ட் பார்க்கிற நர்ஸுக்கும், ஸ்கூல் பஸ்ஸுக்கு இரண்டு பிள்ளைகளைக் கிளப்புகிற அம்மாவுக்கும் இது கிடைக்காத வசதி. ஓய்வுபெற்றவர்கள், தனியாக வாழ்கிறவர்கள் முயலலாம். நேரில் பார்க்க விரும்பினால், குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் இருக்கிறது. 1950இல் தொடங்கிய அந்த ஆசிரமம் பின்னாளில் பெனடிக்ட் மரபோடு சேர்ந்தது.

மூன்று விதி, பன்னிரண்டு பேர்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743இல் தன் சங்கங்களுக்கு வெளியிட்ட பொது விதிகள் மூன்றே மூன்றுதான். தீங்கு செய்யாதே. முடிந்த எல்லா வழியிலும் நன்மை செய். ஜெபம், வேதம், திருவிருந்து, உபவாசம் போன்ற தேவன் ஏற்படுத்தின வழிகளில் நிலைத்திரு. விரல்விட்டு எண்ணிச் சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். சங்கத்தில் சேர நிபந்தனையும் ஒன்றுதான்: வருகிற கோபத்துக்குத் தப்பவும் பாவத்திலிருந்து விடுபடவும் ஆசை இருக்க வேண்டும்.

இதோடு விட்டிருந்தால் இது இன்னொரு அழகான வாசகமாகச் சுவரில் தொங்கியிருக்கும். ஆனால் தீங்கு செய்யாதே என்பதற்குக் கீழே வெஸ்லி எடுத்துக்காட்டுகளை எழுதினார். சாராயம் விற்பது, வரி கட்டாத சரக்கை வாங்குவது விற்பது, சகோதரன்மேல் வழக்குப் போடுவது, விற்கும்போதும் வாங்கும்போதும் வார்த்தையை வளர்ப்பது, நியாயமற்ற வட்டி, பொன் நகையும் விலையுயர்ந்த உடையும் அணிவது, திருப்பிக் கொடுக்க வழி தெரியாமலே கடன் வாங்குவது. அன்றைய இங்கிலாந்துச் சந்தையில் சாதாரண ஜனங்கள் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து எழுதிய பட்டியல் இது. பொது வாசகம் மூன்று, அதன் கீழே அந்த ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் உரிய நடைமுறை. இந்த அமைப்பைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

அடுத்தது ஆட்கள். 1742இல் பிரிஸ்டலில் சபைக் கட்டடக் கடனை அடைக்க ஒரு யோசனை வந்தது: ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் வாராவாரம் வீடுவீடாகப் போய் வாங்கி வரவேண்டும், கொடுக்க முடியாதவர்களுக்காக அவரே போட வேண்டும். அப்படிப் போனவர்கள்தான் அந்த வீடுகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தார்கள். குடி, சண்டை, கடன். பணம் வாங்கப் போனது விசாரிக்கப் போவதாக மாறி, பிறகு வாரக் கூட்டமாயிற்று. உன் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று கேட்டு, தேவைப்பட்டால் கண்டித்து, ஆறுதல் சொல்லி, ஏழைகளுக்கான காசையும் வாங்கி வருவதுதான் அந்தப் பொறுப்பாளரின் வேலை.

எட்வர்ட்ஸுக்கும் வெஸ்லிக்கும் இருக்கிற வித்தியாசம் பக்தியின் அளவில் இல்லை. இருவரும் 1703இல் பிறந்தவர்கள்கூட. எட்வர்ட்ஸின் தீர்மானங்கள் அவர் கையில் இருந்தன. வெஸ்லியின் விதிகள் பன்னிரண்டு பேருக்கு நடுவில் இருந்தன. வெஸ்லி 1774இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதினார். 1791இல் சாவதற்குச் சில நாள் முன்பு, பாராளுமன்றத்தில் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதமும் அதைப் பற்றியதுதான். சிறு குழுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளிகளோடும் கடனாளிகளோடும் வருஷக்கணக்காகப் பழகினவருக்கு அடுத்தவர் வலி கண்ணில் படுவது எளிது.

நம் பட்டியலில் இல்லாதது

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஒரு நல்ல தமிழ்க் கிறிஸ்தவரைத் தன் கொள்கைகளை எழுதச் சொல்லுங்கள். தசமபாகம் வரும், ஓய்வுநாள் வரும், மதுவைத் தொடாதது வரும், பொய் சொல்லாதது வரும். சாதி வராது. பிள்ளைக்கு வரன் தேடுகிற விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரை அதே கை எழுதும்.

இது நேற்று வந்த சிக்கல் அல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் விடப்பட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். தினமும் ஜெபித்தவர்கள், ஞானப்பாட்டுகளை மனப்பாடமாகப் பாடினவர்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்குவது மட்டும் அவர்களால் முடியவில்லை. வரதட்சணையும் இப்படித்தான். "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள்" என்று சொல்லி வாங்கிக்கொள்கிற குடும்பத்தின் கொள்கைப் பட்டியலில் இச்சை இருக்கும், நூறு பவுன் இருக்காது.

அதனால் வெஸ்லி முறையை அப்படியே எடுத்தாலும் போதாது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற சிறு குழு இருக்கிறது, மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டமும் செல் குரூப்பும் இருக்கின்றன. வெஸ்லியின் வாரக் கூட்டத்துக்கு அவை கிட்டத்தட்ட தயார் நிலை. ஆனால் கூடுகிற எல்லோரும் ஒரே சாதி, ஒரே சம்பளம், ஒரே தெரு என்றால், ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது. உங்கள் ஒழுங்கை வாசிக்கிறவர்களில் ஒருவராவது உங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வர இதுவரை அழைக்கப்படாத சபை அங்கத்தினர் ஒருவர் என்றால் இன்னும் நல்லது. "இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?" என்று அவரிடம் கேளுங்கள்.

எழுதத் தொடங்குகிறவருக்கு

வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், நான் சொல்வது வெஸ்லியின் மூன்று விதிகளை எலும்பாக வைத்துக்கொண்டு, இஞ்ஞாசியாரின் புள்ளியை ஒரே ஒரு குறைக்கு மட்டும் பயன்படுத்துவது. எட்வர்ட்ஸிடமிருந்து வாரம் ஒருமுறை வாசிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுபது எழுத வேண்டாம். விதி ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று நாலு நடைமுறை வரிகள் போதும்.

அந்த வரிகளை எழுதும்போது லூத்தரின் சிறிய ஞானோபதேசம் கைகொடுக்கும். 1529இல் எழுதியது. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்பதோடு நிறுத்தாமல், அவன் உடல் தேவையில் உதவி செய் என்பதையும் சேர்த்துத்தான் அவர் விளக்கம் சொல்வார். பாவ அறிக்கைக்கு ஆயத்தப்படுகிறவரிடமும், நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானா, வேலைக்காரனா என்று உன் நிலையைப் பார் என்பார். இந்த இரண்டையும் சேர்த்தால் வரி தானாக இறங்கி வரும். "நேர்மையாக இருப்பேன்" என்று எழுதினால் அதை இரவில் சோதிக்க வழியில்லை. வீடு வாங்கப்போகிற ஒருவர், "பத்திரத்தில் கைடுலைன் மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கமாட்டேன், கொடுக்கிற முழுத் தொகையையும் எழுதுவேன், முத்திரைத்தாள் செலவு கூடினாலும் சரி" என்று எழுதினால் அது சோதிக்கக்கூடியது. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று 15ஆம் சங்கீதம் சொல்கிற மனுஷனும் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிவார். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர், "வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு மாதம் முதல் தேதியே சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, நாங்கள் சாப்பிடுகிற தட்டு" என்று எழுதலாம். பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்த பெற்றோர், பெண் வீட்டாரிடம் நகையைப் பற்றி எந்த வார்த்தையும் பேசமாட்டோம், யாராவது பேசினால் வேண்டாம் என்று நாங்களே சொல்வோம், சாதி பார்க்கமாட்டோம் என்று எழுத வேண்டும். வரன் வருவதற்கு முன்பே எழுத வேண்டும். தரகர் வந்து உட்கார்ந்த பிறகு யாராலும் எழுத முடியாது.

கணவன் மனைவி சேர்ந்து எழுதுவதா, தனித்தனியாகவா என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தனியாக எழுதி, பிறகு மாற்றி வாசிப்பது நல்லது. பணத்தைப் பற்றிய வரி மட்டும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவர் கொள்கைக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேரிடும்.

தவறினால் என்ன செய்வது என்பதையும் ஒழுங்குக்குள்ளேயே எழுதிவிடுங்கள். பெனடிக்ட் தன் நான்காம் அதிகாரத்தில் நற்செயல்களை எழுபதுக்கும் மேலாக அடுக்கிவிட்டு, தேவ இரக்கத்தில் ஒருபோதும் நம்பிக்கை இழக்காதிருப்பதைக் கடைசியாக வைத்தார். கெத்செமனேயில் மூன்று முறை தூங்கிப்போனவர்களை வைத்துத்தான் ஆண்டவர் சபையைக் கட்டினார். சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதுபோல, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் போவது, பணம் என்றால் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வரி இருந்தால், குற்ற உணர்வோடு மட்டும் உட்கார்ந்துவிடாமல் எழுந்து போக முடியும்.

புதுவருஷத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தவக்காலத்தின் நாற்பது நாள் இதற்கு வசதியானது. சாம்பல் புதனன்று எழுதி, ஒருவரிடம் காட்டி, அவர் சொன்னதைச் சேர்த்து, நாற்பது நாள் நடந்து பார்த்துவிட்டு, உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பிறகு நடக்காத வரிகளைத் திருத்தலாம். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை போதும். வீடு மாறினால், வேலை மாறினால், குழந்தை பிறந்தால், பெற்றோர் படுத்தால், நடைமுறை வரிகளை மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள மூன்றும் அப்படியே இருக்கட்டும்.